திராட்சைக்கு இங்கே குளிர்காலம் கிடையாது

“ஒயினை நாங்க செய்யறதில்லைங்க, அது தானா ஆகுது. நாங்க குறுக்க போகாம இருக்கோம், அவ்வளவுதான்.” தோட்டம் பார்க்க வருகிறவர்களிடம் எங்கள் முதலாளி இதைச் சொல்லாமல் விட்டதே இல்லை. பெங்களூரிலிருந்து சனிக்கிழமை காரில் வந்து இறங்குகிறவர்களுக்கு இந்தப் பேச்சு ரொம்பப் பிடிக்கும். கோப்பையைச் சுழற்றிக்கொண்டே தலையாட்டுவார்கள், சிலர் போனில் குறித்துக்கூட வைத்துக்கொள்வார்கள். அவர் பொய் சொல்கிற ஆள் இல்லை, விற்பனைக்காக அளக்கிறவரும் இல்லை, மனதார நம்பித்தான் சொல்கிறார். சின்ன ஒயின் ஆலை வைத்திருப்பவர்கள் பல நாடுகளிலும் இப்போது ஏறக்குறைய இப்படித்தான் பேசுகிறார்கள்: பழம் நன்றாக இருந்தால் போதும், மற்றதை மண்ணும் வானமும் பார்த்துக்கொள்ளும் என்று. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. பக்கத்தில் சாற்றின் இனிப்பை அளக்கிற ஹைட்ரோமீட்டரைக் கழுவிக்கொண்டு நிற்கிற எனக்கு மட்டும் ஒவ்வொரு தடவையும் சுருக்கென்று இருக்கும். யாரும் ஒன்றும் செய்யவில்லை என்றால், வருஷம் பூராவும் இத்தனை பேர் முதுகு ஒடிய அந்தத் தோட்டத்தில் என்னதான் செய்துகொண்டிருக்கிறோம்?

தோட்டம் கிருஷ்ணகிரி மாவட்டத்தில், தளி பக்கம். ஆலை எல்லைக்கு அந்தப் பக்கம், கர்நாடகத்தில். எங்கள் மாவட்டத்துக்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். தக்காளி, முட்டைகோஸ், ரோஜா எல்லாம் தினமும் எல்லை தாண்டிப் போகிறது, எங்கள் திராட்சையும் கிரேட்டில் ஏறி அந்தக் கூட்டத்தோடு கூட்டமாகப் போகிறது. அங்கே 2007-லேயே திராட்சைக்கும் ஒயினுக்கும் என்று தனிக் கொள்கை போட்டுவிட்டார்கள். இந்தப் பக்கத்துக் கதை வேறு. சென்னை மாகாணத்தில் மதுவிலக்கு முதன்முதலாக வந்தது 1937 அக்டோபர் 1-ஆம் தேதி, அன்றைய சேலம் மாவட்டத்தில். அப்போது தர்மபுரி, கிருஷ்ணகிரி, ஓசூர் எல்லாமே அந்தச் சேலத்துக்குள்தான். கொண்டுவந்த ராஜாஜி பிறந்த தொரப்பள்ளி ஓசூரை ஒட்டித்தான் இருக்கிறது, தோட்டத்திலிருந்து பைக்கில் போய் வந்துவிடலாம். குடி வருமானம் போன பள்ளத்தை நிரப்பத்தான் 1939-ல் விற்பனை வரி போட்டார் என்பது பள்ளிக்கூடத்திலேயே படித்தது. டாஸ்மாக் காலத்தில் இதையெல்லாம் நினைத்தால் சிரிப்புத்தான் வரும், ஆனால் வீடுகளுக்குள் அந்த 1937 இன்னும் கொஞ்சம் ஒட்டிக்கொண்டுதான் இருக்கிறது. என் அம்மா சொந்தக்காரர்களிடம் “பையன் ஜூஸ் கம்பெனில இருக்கான்” என்றுதான் சொல்லி வைத்திருக்கிறார். பெண் வீட்டார் விசாரித்தாலும் அதே பதில்தான். பழத்தை நசுக்கிச் சாறு எடுப்பதுவரை அது உண்மையும்கூட, அதற்கப்புறம் நடப்பதை அம்மா கேட்பதில்லை, நானும் சொல்வதில்லை.

கூழ் ஆலையில் கற்றது

ஒயினுக்கு வருவதற்கு முன்னால் நான் இருந்தது மாங்கூழ் ஆலையில், தரக்கட்டுப்பாட்டு லேபில். கிருஷ்ணகிரியில் பிறந்தவனுக்கு இதைவிட இயல்பான வேலை என்ன இருக்கிறது? எங்கள் வீட்டுக்கும் போச்சம்பள்ளி போகிற வழியில் மாந்தோப்பு உண்டு, பெங்களூரா ரக மரங்கள்தான் அதிகம். ஜூன், ஜூலையில் ஆலை வாசலில் டிராக்டர்கள் வரிசை கட்டி நிற்கும். ராத்திரி, பகல் என்ற கணக்கே கிடையாது. லோடு லோடாகப் பழம் இறங்க இறங்க நாங்கள் சாற்றின் பிரிக்ஸ் (இனிப்பின் அளவு), புளிப்பு, பி.எச். (இந்த எண் ஏற ஏறப் புளிப்பு குறைவு) பார்த்துக்கொண்டே இருப்போம். பெங்களூரா கூழ் என்றால் 14 பிரிக்ஸுக்குக் குறையக் கூடாது, வாங்குகிறவர் கேட்பது அதைத்தான். மழை பெய்து தண்ணீர் கோத்த பழம் வந்தால் இனிப்பான லோடோடு கலந்து சரிக்கட்டுவோம். கொதிக்க வைத்துக் கிருமி நீக்கி, 215 கிலோ பையில் அடைத்து, இரும்பு டிரம்மில் இறக்கினால் முடிந்தது. அதைப் பத்து மாதம் கழித்து துபாயிலோ வேறெங்கோ திறக்கிறவருக்கு அந்த வருஷம் காய்ப்பு எப்படி, மழை எப்படி, பூ கருகியதா என்று எதுவுமே தெரியக் கூடாது. போன வருஷத்து டிரம்மும் இந்த வருஷத்து டிரம்மும் ஒரே மாதிரி இருக்க வேண்டும். அதுதான் திறமை, அதற்குத்தான் சம்பளம்.

அதை நான் மட்டமாகச் சொல்லவில்லை. ஒரு மாவட்டமே அந்தச் சமன்படுத்தலை நம்பித்தான் பிழைக்கிறது. ஆனால் ஒயின் ஆலைக்கு வந்தபோது எல்லாம் தலைகீழாக இருந்தது. இங்கே பாட்டிலின் நெற்றியிலேயே வருஷத்தை அச்சடிக்கிறார்கள். மழை வருஷம் மழை வருஷமாகத் தெரியட்டும், வறட்சி வருஷம் வறட்சியாகத் தெரியட்டும் என்கிறார் முதலாளி. பிரிக்ஸ் மீட்டர் அதேதான், பி.எச். மீட்டரும் அதேதான், பார்க்கிற நோக்கம்தான் வேறு. ஆரம்பத்தில் இந்தச் சுதந்திரம் எனக்கு ரொம்பவே பிடித்துப்போனது. வானம் கொடுத்ததை மறைக்க வேண்டாம் என்பது எவ்வளவு நேர்மையான வேலை என்று நண்பர்களிடம் எல்லாம் பேசித் திரிந்தேன். அந்தப் பேச்சைக் கொஞ்சம் குறைக்க வைத்தது தோட்டத்து மேஸ்திரி.

ஏப்ரல், அக்டோபர்

ஐரோப்பாவில் திராட்சைக்குக் குளிர்காலம் என்று ஒன்று உண்டு. அறுவடை முடிந்ததும் இலை பழுத்து உதிரும், கொடி வெறும் கட்டையாகப் பனியில் நிற்கும். அந்தத் தூக்கத்தில்தான் அங்கே கிளைகளை வெட்டிக் கவாத்து செய்வார்கள். மார்ச், ஏப்ரலில் வெயில் ஏறினால் தானாக முளை விடும், செப்டம்பர், அக்டோபரில் பழம். அதாவது வருஷத்தைத் தொடக்கி வைப்பது வானிலை. கொடி எப்போது எழ வேண்டும் என்று அங்கே யாரும் நாள் குறிப்பதில்லை.

நம் ஓசூர் மேட்டுநிலம் ஏறக்குறைய 900 மீட்டர் உயரம். மார்கழியில் தளியில் காலை ஆறு மணிக்கு ஸ்வெட்டர் இல்லாமல் வெளியே வர முடியாது. நமக்குத்தான் அது குளிர், திராட்சைக்கு அது போதவே போதாது. விட்டுவிட்டால் வருஷம் பூராவும் பச்சையாகவே படர்ந்துகொண்டிருக்கும், ஒரு பக்கம் துளிரும், ஒரு பக்கம் பூக்கும், இன்னொரு பக்கம் பேருக்கு நாலு காய் தொங்கும். அதனால் இங்கே வருஷத்துக்கு இரண்டு முறை கவாத்து. ஏப்ரலில் ஒன்று: அறுவடை முடிந்த கொடியை, இருக்கிற பச்சையையெல்லாம் கழித்து, ஒன்றிரண்டு கணுவோடு நிறுத்திவிடுவது. அதிலிருந்து புதுக் கிளைகள் வரும். அந்தக் கிளைகளின் கணுக்களுக்குள், வெளியே எதுவும் தெரியாமல், அடுத்த வருஷத்துக் குலை உருவாவது கவாத்து முடிந்த ஒன்றரை, இரண்டு மாதத்துக்குள். அந்த நேரத்தில் நல்ல வெயில் வேண்டும், வானம் மூடாக்குப் போட்டுக்கொண்டே இருந்தால் மொட்டுக்குள் குலைக்குப் பதில் வெறும் பற்றுக்கம்பி உருவாகிவிடும். பெரிய தோட்டங்களில் மொட்டை அறுத்து நுண்ணோக்கியில் வைத்து எத்தனை குலை வரும் என்று முன்கூட்டியே பார்த்துவிடுகிறார்கள். பிப்ரவரியில் பறிக்கிற பழத்தின் தலையெழுத்து முந்தின மே மாத வெயிலில் கிடக்கிறது என்று தெரிந்தபோது நான் கொஞ்சம் ஆடித்தான் போனேன். நான் அந்த மே மாதத்தில் ஊருக்குப் போய் மாந்தோப்பில் கல்லெறிகிற பையன்களை விரட்டிக்கொண்டிருப்பேன்.

அடுத்தது அக்டோபரில். முற்றிய கிளைகளைத் தேவையான கணுவில் வெட்டி, காய்ப்புக்கு எழுப்புவது. இதற்கு வெட்டினால் மட்டும் போதாது. வெட்டிய ஓரிரு நாளுக்குள் மொட்டுகளில் ஹைட்ரஜன் சயனமைடு தடவ வேண்டும், இல்லாவிட்டால் ஒன்று இன்றைக்கு முளைக்கும், பக்கத்து மொட்டு பத்து நாள் கழித்து முளைக்கும், பழமும் அப்படியே முன்னப்பின்ன வரும். ஒரு கையில் டப்பா, இன்னொரு கையில் உறை மாட்டி ஸ்பாஞ்சு, எந்த மொட்டில் தடவியாயிற்று என்று தெரியச் சாயம் கலந்த மருந்து. வரிசை வரிசையாகக் குனிந்து நிமிர்ந்து ஒவ்வொரு மொட்டாகத் தொட்டுக்கொண்டு போவார்கள். இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. இந்த மருந்தைத் தொடுகிறவர்கள் முன்னும் பின்னும் சில நாள் சாராயம் பக்கமே போகக் கூடாது. ஆல்கஹாலை உடம்பு உடைக்கும்போது பாதி வழியில் அசிட்டால்டிஹைடு என்று ஒன்று வரும், அதை மேற்கொண்டு உடைய விடாமல் இந்த மருந்து தடுத்துவிடும். ஒரு குவார்ட்டர் போட்டால்கூட முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, மூச்சு வாங்கி ஆளைப் படுக்க வைத்துவிடும். குடியை விட வைக்கக் கொடுக்கிற மாத்திரை வேலை செய்வதும் இதே வழியில்தான். அதனால் அக்டோபர் கவாத்து வாரத்தில் மேஸ்திரி சாயங்காலம் வேலை முடிந்ததும் வாசலில் நின்றுகொண்டு ஒவ்வொருவரையாக மிரட்டி அனுப்புவார். ஒயினுக்காகக் கொடியை எழுப்புகிற வாரத்தில் அந்தத் தோட்டத்தைப் போல மதுவிலக்கு அமலில் இருக்கிற இடம் மாவட்டத்தில் வேறு கிடையாது, ராஜாஜி பார்த்திருந்தால் சந்தோஷப்பட்டிருப்பார்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். இங்கே குளிர்காலம் என்பது கத்தரியால் வருகிறது. வசந்தம் டப்பாவில் வருகிறது. இரண்டுக்கும் நாள் குறிப்பது மனுஷன். அப்புறம் அறுவடை எப்போது? வெட்டிய நாளிலிருந்து ஷிராஸ் என்கிற கருந்திராட்சைக்குக் கிட்டத்தட்ட நான்கரை மாதம். “நாங்க குறுக்க போறதில்லை” என்று சொல்கிறவர் பாட்டிலின் வருஷத்தையே கையால் தொடக்கி வைத்தவர். இந்த நினைப்பு ரொம்ப நாளாக எனக்குள் ஓடிக்கொண்டிருந்தாலும் அதை வெளியே சொல்லத் தைரியம் வரவில்லை, ஏனென்றால் கையில் ஆதாரம் இல்லை. ஆதாரம் ஒரு மழையில் வந்தது.

மழை விடாத அக்டோபர்

எங்கள் பக்கம் மழை அதிகம் விழுவதே செப்டம்பர், அக்டோபரில்தான். கவாத்துத் தேதி வைப்பது அதனால் எப்போதும் சூதாட்டம். அந்த வருஷம் அக்டோபர் முதல் வாரம் வானம் வெளுத்திருந்தது, முதலாளி தொடங்கச் சொன்னார். மேஸ்திரி மேட்டுப் பக்கத்திலிருந்து ஆரம்பித்தார். மேட்டுப் பக்கம் ஏன் என்று அப்போது யாரும் கேட்கவில்லை. கீழ்ப்பக்கத்துப் பாதையில் சேறு காயவில்லை, மருந்து டிரம்மைத் தள்ளுவண்டியில் கொண்டுபோக முடியவில்லை, அவ்வளவுதான் காரணம். பாதித் தோட்டம் முடிந்திருக்கும், பிடித்துக்கொண்டது மழை. மூன்று வாரம் கத்தரியைத் தொட முடியவில்லை. ஈரத்தில் வெட்டினால் வெட்டுக்காயம் வழியே நோய் ஏறும், மருந்து தடவினாலும் கழுவிக்கொண்டு போகும். மாதக் கடைசியில் மழை விட்ட பிறகுதான் கீழ்ப்பக்கத்தை வெட்டினார்கள். முதலாளிக்கு ஒரே எரிச்சல். நாலே ஏக்கர் தோட்டம், அதிலும் இரண்டு பாதிக்கும் மூன்று வார வித்தியாசம், இரண்டு தடவை ஆள் கூலி, இரண்டு தடவை அறுவடை. மேஸ்திரி மட்டும் சிரித்தார். “ஒரே தாய்க்கு மூணு வாரம் முன்னப்பின்ன ரெண்டு புள்ள, நல்லாத்தான் இருக்குது சார்.”

நவம்பர் பாதியில் மேட்டுப் பக்கம் பூ எடுத்தது. அந்த நேரம் பார்த்து வங்கக் கடலில் ஒரு காற்றழுத்தத் தாழ்வு, ஒரு வாரத்துக்குத் தூறலும் மூடாக்கும். திராட்சைப் பூவுக்கு இதழ் என்று சொல்லிக்கொள்ள ஒன்றும் இருக்காது, சின்னப் பச்சைத் தொப்பி ஒன்று கழன்று விழும், உள்ளே மகரந்தம் வெளிப்படும். மழையில் அந்தத் தொப்பி ஈரமாக அப்படியே ஒட்டிக்கொண்டு நிற்கும். குலையைக் கையில் லேசாகத் தட்டினால் பூ பொலபொலவென்று உள்ளங்கையில் கொட்டியது. நின்றதெல்லாம் இடைவெளி விட்டு விட்டு, மிளகைவிடக் கொஞ்சம் பெரிய காயாக நின்றது. இலையின் அடிப்பக்கம் அடிச்சாம்பல் நோய் வேறு வெள்ளையாகப் பூத்துவிட்டது. மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த போர்டோ கலவையைத் தூக்கிக்கொண்டு எல்லோரும் ஓடினோம். கீழ்ப்பக்கம் டிசம்பர் முதல் வாரத்தில் பூத்தது. சொல்லி வைத்த மாதிரி வானம் துடைத்து விட்டிருந்தது. குலை முழுசாகப் பிடித்தது, நெருக்கமாக, கொழுகொழுவென்று.

பிப்ரவரி நடுவில் மேட்டுப் பக்கத்தை அறுத்தோம். அந்த மாதம் ஆள் கிடைப்பது பெரும் பாடு. காதலர் தினத்துக்கு ஓசூர் ரோஜாக்காரர்கள் எல்லா ஆட்களையும் இழுத்துக்கொள்வார்கள், அவர்களோடு கூலியில் போட்டி போட முடியாது. விடிவதற்குள் பறித்து, வெயில் ஏறுவதற்குள் எல்லை தாண்டி ஆலையில் இறக்கியாக வேண்டும். கீழ்ப்பக்கத்தை அறுத்தது மார்ச்சில், ராத்திரியிலேயே சூடு ஆரம்பித்த பிறகு. லேபில் நான் எழுதிய எண்கள் இவை: மேட்டுப் பக்கம் பி.எச். 3.5, கீழ்ப்பக்கம் 3.9. இனிப்பு இரண்டிலும் ஏறக்குறைய ஒன்றே. ஒயின் வேலை தெரியாதவர்களுக்கு இந்த 0.4 சின்னதாகத் தெரியலாம். ஆலைக்குள் அது பெரிய விஷயம். சூட்டில் பழுக்கிற பழம் தன் மாலிக் அமிலத்தைத் தானே எரித்துத் தின்றுவிடுகிறது, புளிப்பு போய்விட்டால் கிருமிகளுக்குக் கொண்டாட்டம், நிறம் மங்கும், நாக்கில் சப்பென்று இருக்கும், காவலுக்குப் போடுகிற சல்பைட்டும் பாதிப் பலம்கூடக் கொடுக்காது. கீழ்ப்பக்கத்து டேங்கில் புளிப்பை ஏற்ற டார்டாரிக் அமிலம் சேர்த்தே ஆக வேண்டியிருந்தது. மேட்டுப் பக்கத்து டேங்கில் சிட்டிகைகூடச் சேர்க்கவில்லை.

அந்த மேட்டுப் பக்கத்து ஒயின்தான் பிறகு வருகிறவர்களிடம் “இதுல நாங்க எதையுமே சேர்க்கலை” என்று முதலாளி பெருமையாக ஊற்றிக் கொடுத்தது. சேர்க்காதது உண்மை. சேர்க்க வேண்டிய அவசியம் ஏன் வரவில்லை? அது பிப்ரவரியின் குளிர்ந்த ராத்திரிகளில் பழுத்தது. பிப்ரவரியில் ஏன் பழுத்தது? அக்டோபர் முதல் வாரத்தில் வெட்டியதால். அதை ஏன் முதலில் வெட்டினார்கள்? கீழே பாதையில் சேறு.

டேங்க் முன்னால்

நொதிக்கிற வாரங்களில் ஆலையில் தூக்கம் கிடையாது. நசுக்கிய கருந்திராட்சையில் தோல் எல்லாம் மேலே மிதந்து, ஒரு சாண் கனத்துக்குப் பாளமாகக் கட்டிக்கொள்ளும். நிறமும் துவர்ப்பும் அந்தத் தோலில்தான் இருப்பதால் பகலில் மூன்று தடவை, ராத்திரியில் ஒரு தடவை அதைச் சாற்றுக்குள் அமுக்கி முக்க வேண்டும். முதல் இரண்டு நாள் சுலபமாக இறங்கும், மூன்றாம் நாள் ஆளே ஏறி மிதித்தாலும் அசையாது போல இருக்கும். அமுக்கி அது உடையும்போது உள்ளேயிருந்து ஒரு பெருமூச்சு வரும், அதில் மூக்கை நீட்டினால் கரியமில வாயு மண்டைக்குள் ஊசி ஏற்றும். காற்றைவிடக் கனமானது அது, தரையோடு தேங்கி நிற்கும், கதவு சாத்திய அறையில் ஆளைச் சத்தமில்லாமல் சாய்த்துவிடும். கதவைத் திறந்து வைத்து மின்விசிறியை ஓட விட்டு, இரண்டு பேராகத்தான் இறங்குவோம். இதற்குப் பெயர் தானாக ஆவது என்றால், எனக்கும் ஒன்றும் ஆட்சேபணை இல்லை, தூங்கப் போய்விடுவேன்.

அந்த வருஷம் முதலாளி மேட்டுப் பக்கத்துப் பழத்தில் ஒரு சின்ன டேங்கைத் தனியாக எடுத்து, நொதிக்க வைக்கிற பாக்கெட் ஈஸ்ட் போடாமல் விட்டார். பழத்தோலில் வெள்ளையாகப் படிந்திருக்கிறதே, அது இயற்கையான ஈஸ்ட், அதுவே பார்த்துக்கொள்ளும் என்று வந்தவர்களுக்குக் காட்டவும் செய்தார். அந்த வெள்ளை ஈஸ்ட் இல்லை, மெழுகு. தண்ணீர் வற்றாமல் பழம் தனக்குத் தானே பூசிக்கொள்வது. ஒயினை முடித்து வைக்கிற சாக்கரோமைசஸ் ஈஸ்ட் தோட்டத்துப் பழத்தில் அபூர்வமாகத்தான் இருக்கும், அது குடியிருப்பது ஆலையின் சுவரிலும் பம்பு குழாயிலும் டேங்க் இடுக்கிலும். வருஷா வருஷம் நாங்கள் பாக்கெட் பிரித்துக் கொட்டியதன் பேரன் பேத்திகளாகக்கூட அது இருக்கலாம். ஆனாலும் நாலைந்து நாள் இழுத்தடித்துவிட்டு அந்த டேங்க் தானாகப் பொங்கியது, கடைசிவரை நின்றுவிடாமல் இனிப்பை முடித்தது, ருசியும் நன்றாகவே வந்தது. எனக்கு வசதியில்லாத விஷயம் என்பதற்காக அதை மறைக்க முடியாது.

ஏப்ரலில் ஒரு மதியம், கோடைக் கவாத்து நடந்துகொண்டிருந்த நேரம், முதலாளி மேஸ்திரியையும் ஆலைக்குக் கூப்பிட்டார். மேஸ்திரி குடிக்கிறவர் இல்லை, ஊரில் அவர் பஜனைக்காரர். வாயில் வைத்துத் துப்பத்தான் சம்மதித்தார். மூன்று கிளாஸ்: மேட்டுப் பக்கம், கீழ்ப்பக்கம், ஈஸ்ட் போடாத சின்ன டேங்க். முதலாளி எதிர்பார்த்தது மூன்றாவது கிளாஸ் தனியாகத் தெரியும் என்று. மேஸ்திரி மூன்றையும் துப்பிவிட்டு, துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டு, முதலாவதையும் மூன்றாவதையும் ஒன்றாகச் சேர்த்து ஒரு பக்கம் நகர்த்தி வைத்தார். “இது ரெண்டும் ஒண்ணு. அது வேற.” எப்படிச் சொல்றீங்கண்ணா என்று கேட்டேன். “இது வாயைப் புடிக்குது. மேட்டுக் காயி, சின்னக் காயி, தோலு சாஸ்தி. அது சாறு.” அதோடு விஷயம் முடிந்தது போலக் கிளம்பப் போனவர், வாசலில் நின்று முதலாளியிடம் சொன்னார்: “நாம வெட்டுன நாளுதான் சார் உள்ள இருக்குது.”

எனக்கு அது போதுமாக இருந்தது. முதலாளிக்குப் போதவில்லை, அதில் நியாயமும் இருக்கிறது. மேட்டு மண் செம்மண், கல் அதிகம், தண்ணீர் நிற்காது. கீழே கொஞ்சம் கரிசல் கலந்த களி, ஈரம் பிடித்து வைக்கும். சின்னக் காய், பெரிய காய் வித்தியாசத்துக்கு மண்ணே காரணமாக இருக்கலாமே, தேதி எதற்கு என்றார். மண்ணும் சேர்ந்துதான் வேலை செய்கிறது என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்த மண் முந்தின வருஷங்களிலும் அங்கேயேதான் இருந்தது. இரண்டு பாதியையும் ஒரே வாரத்தில் வெட்டிய வருஷங்களின் லேப் நோட்டை எடுத்துக் காட்டினேன், பி.எச். இவ்வளவு பிரிந்ததே இல்லை. அவர் நோட்டை வாங்கி ரொம்ப நேரம் புரட்டினார். பிறகு, அப்படியென்றால் நாம் செய்வது உங்கள் மாங்கூழ் வேலைதானே, முன்கூட்டியே சரிக்கட்டுகிறோம், அவ்வளவுதானே வித்தியாசம் என்று கேட்டார். குரலில் கொஞ்சம் வருத்தம் இருந்தது.

அங்கேதான் நான் அவரோடு ஒத்துப்போகவில்லை, இன்றைக்கும் ஒத்துப்போகவில்லை. கூழ் ஆலையில் நாங்கள் வைத்த கை எல்லாம் கை வைத்த தடம் தெரியாமல் இருப்பதற்காக. இங்கே அக்டோபரில் வைக்கிற கை பிப்ரவரியில் நாக்குக்குத் தெரிகிறது, பஜனைக்காரர் நாக்குக்கே தெரிகிறது. வெட்டிய பிறகு மழை வருமா வராதா என்பது நம் கையில் இல்லை, எந்த மழைக்கு எதிரே கொடியைக் கொண்டுபோய் நிறுத்துகிறோம் என்பது மட்டும் நம் கையில் இருக்கிறது. அதைச் சொல்வதில் என்ன குறைச்சல்? ஐரோப்பாக்காரர் தன் குளிர்காலத்துக்கு நன்றி சொல்கிறார், அவருக்கு அது சரி. நமக்கு நன்றி சொல்ல வேண்டிய ஆள் ரப்பர் செருப்புப் போட்டுக்கொண்டு வரிசைக்குள் குனிந்து நிற்கிறார். டார்டாரிக் அமிலம் போட்டால் அது கலப்படம் மாதிரி, சயனமைடு தடவினால் அது இயற்கை மாதிரி வந்தவர்களிடம் பேசுவதுதான் எனக்கு ஒட்டவில்லை. இரண்டும் வேண்டித்தான் இருக்கிறது, இரண்டையும் சொல்லிவிடலாம்.

பின்பக்க லேபிளில் கவாத்துத் தேதியைப் போடுங்கள் என்று கேட்டுப் பார்த்தேன். லேபிளில் எதை மாற்றினாலும் கலால் துறையில் மறுபடி ஒப்புதலுக்குப் போக வேண்டும், அடுத்த தடவை பார்க்கலாம் என்றார். ஆனால் இப்போது டேங்கில் சாக்பீஸால் ரகம், அறுவடை நாள் எழுதுகிற இடத்துக்கு மேலே மூன்றாவதாக ஒரு வரி சேர்ந்திருக்கிறது, வெட்டிய நாள். அதை எழுதியது நான் இல்லை, அவர்தான். சனிக்கிழமைக்காரர்களிடம் பழைய பேச்சு இன்னும் தொடர்கிறது, நடுவில் யாராவது அந்தச் சாக்பீஸ் எழுத்தைப் பார்த்துக் கேட்டால் மட்டும் விளக்குகிறார்.

மண்ணா தேதியா என்ற வழக்கு இன்னும் தீரவில்லை. வருகிற அக்டோபரில் மாற்றி வெட்டிப் பார்ப்பதாக ஏற்பாடு: கீழ்ப்பக்கம் முதலில், மேட்டுப் பக்கம் பிறகு, நடுவில் இருக்கிற பத்து வரிசையை இரண்டாகப் பிரித்து இரண்டு தேதியிலும். கீழ்ப்பாதைக்கு இப்போதே கிராவல் கொட்டியாயிற்று, சேற்றுக்கு இந்தத் தடவை வாக்குரிமை கிடையாது. கூலி கூடும், மருந்து கூடும் என்று முதலாளி ஒரு தாளில் கணக்குப் போட்டு வைத்திருக்கிறார். முதல் தேதியை நானும் அவரும் காலண்டரில் வட்டம் போட்டோம். மேஸ்திரி எட்டிப் பார்த்துவிட்டு அதெல்லாம் ஆகாது என்று சொல்லிவிட்டார், ஆயுத பூஜை கழியாமல் கத்தரியைத் தொட மாட்டாராம்.